கயிற்றைப் பிடித்தவரின் முகம்

போன வாரம் நீங்கள் ஆறு பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்களில் கண்ணாடி போட்ட பெண் ஒரு கேள்வி கேட்டாள். "உண்மையா நடந்த வரலாற்றை கிராஃபிக் நாவலா வரையும்போது, யாருன்னே தெரியாத ஆளுக்கு எந்த முகத்தைக் கொடுக்கிறது டீச்சர்?" நான் ஏதோ சொல்லி வைத்தேன். நீங்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தால் அது உருப்படியான பதிலே இல்லை. ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமானால், நான் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல அன்றைக்குக் கூச்சமாக இருந்தது. எழுதுவது கொஞ்சம் சுலபம்.

சின்னத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நாசரேத்துக்காரி. பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்துவிட்டுத்தான் தூத்துக்குடியில் இந்தப் பதிப்பகத்துக்கு வந்தேன்; ஊரில் எல்லோருக்கும் இன்னும் டீச்சர்தான். கடலை வேடிக்கை பார்த்திருக்கிறேனே தவிர, கடலைத் தெரியாது. முதல் புத்தகம், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன பாய்த்தோணிகளைப் பற்றியது. அட்டைப்படத்தைப் பார்த்த பழைய தோணிக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, பாய் தெக்க உப்பியிருக்கு, கொடி வடக்க பறக்கு. ஒரே தோணிக்கு ரெண்டு காத்தா அடிக்கி?" ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பத்து நிமிடத்தில் கொடியைத் திருப்பிப் போட்டேன். இந்த மாதிரித் தப்பு வந்தால் கவலைப்படாதீர்கள். யாராவது சிரிப்பார்கள், நீங்கள் திருத்துவீர்கள்.

யாரையும் சிரிக்க வைக்காத தப்பு ஒன்று இருக்கிறது. அது சலாபப் புத்தகத்தில் நடந்தது.

கடலடியில் சிப்பி விளைந்திருக்கும் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடித்து, அரசாங்கம் அனுமதி கொடுத்து, குளியாட்கள் கூட்டம் கூட்டமாக முத்துக்கு மூழ்குகிற காலத்தை இங்கே சலாபம் என்பார்கள். இந்தக் கரையில் கடைசியாக நடந்த சலாபத்தை எடுத்துக்கொண்டோம். பழைய அறிக்கைகள், பத்திரிகைச் செய்திகள் என்று கிடைத்ததை எல்லாம் படித்தோம். தகவல் நிறைய இருந்தது. கதை இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது. அதனால் ஒரு திருடனை உண்டாக்கினோம். சிப்பியைப் பிளக்கும்போது பெரிய முத்து ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்கிறவன். அவனைத் தேடுவதுதான் கதை.

திருடனுக்கு முகம் வேண்டும். பழைய கப்பல் ஏஜெண்ட் ஒருவர் வீட்டு ஆல்பத்தில் சலாபப் படகு ஒன்றின் புகைப்படம் கிடைத்தது. படகில் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் பார்வையைக் கீழே சாய்த்து, வேறெங்கோ பார்க்கிறார். இடது புருவத்தில் ஒரு வெட்டு. 'கிடைத்துவிட்டான் என் திருடன்' என்று துள்ளினேன். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்து, முப்பத்தொரு பக்கங்களில் வரைந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் வரைந்த முகங்களில் அதுதான் மிகச் சிறந்தது. அவ்வளவு நன்றாக வந்ததால், எங்கள் பதிப்பாளர் அண்ணாச்சி அந்த முகத்தையே பெரிய ஃபிளெக்ஸாக அடித்து, திரேஸ்புரத்தில் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டார். அடியில் ஒரு வரி: 'முத்தைத் திருடியவன் யார்?'

மாதா கோவில் திருவிழாச் சமயத்தில் வெளியீடு. ஊர் முழுக்கக் கூடுகிற நேரம், வெளியூர்க்காரர்களும் வந்துவிடுவார்கள். வெளியீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் ஆபீஸுக்கு ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்கிறார், சேலையில் தண்ணீர் காயவில்லை. கையில் துண்டால் சுற்றிய ஏதோ ஒன்று.

"அந்தப் படத்தை வரைஞ்சது யாரு?"

"நான்தான்" என்றேன், பாராட்ட வந்திருக்கிறார் என்ற நினைப்பில்.

துண்டைப் பிரித்தார். சுவரிலிருந்து கழற்றிய சட்டம் போட்ட படம். காய்ந்த மாலையின் நார் இன்னும் அதன் கொக்கியில் இருந்தது. இடது புருவத்தில் வெட்டு.

"இது எங்க அப்பா. செத்துப் பதினாறு வருசம் ஆச்சு. உயிரோட இருந்தவரைக்கும் ஒருத்தரு ஒரு சொல்லு சொன்னதில்ல. இப்ப மார்க்கெட்டுல என்னைப் பாத்துக் கேக்காளுவ, 'ஏளா பிலோமி, ஒங்க அப்பன் திருடுன முத்து எங்கனளா இருக்கு'ன்னு. எங்க அப்பாவைக் கள்ளனாக்கிட்டியளே டீச்சர்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிலோமினாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாச்சி உள்ளே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "சட்டப்படி நமக்கு ஒண்ணும் ஆகாதும்மா. கற்பனைப் பாத்திரம்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கோம். ஃபிளெக்ஸை இன்னைக்கே அவுத்திருவோம். புத்தகத்துல புருவ வெட்டை எடுத்துட்டு, ஒரு தாடி வச்சிருங்க. சிவகாசியில ரெண்டு நாள்ல மெஷின்ல ஏறுது. வேற என்ன செய்ய முடியும்?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தாடி வைத்தால் ஒரு நாள் வேலை. வெளியே வந்து, "முகத்தை மாத்திருதோம், யாருக்கும் அடையாளம் தெரியாது" என்று பிலோமியிடம் சொன்னேன்.

 அவர் என் மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்த பெரிதாக்கிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கன எடுத்தது? எங்க வீட்டுல இந்தப் படம் இல்லையே. முழுப்படம் இருக்கா?"

இருந்தது, பீரோவில். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "டீச்சர், இந்த முகத்தை எதுக்குக் கள்ளன் முகம்னு நெனச்சிய?"

"எல்லாரும் நேரா பாக்காங்க. இவர் மட்டும்..." என்று இழுத்தேன்.

"கையப் பாத்தியளா?"

நான் பார்க்கவே இல்லை. ஐந்து மாதம் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியவள், ஒரு நாள்கூடக் கையைப் பார்க்கவில்லை. முகத்தை மட்டும்தானே வெட்டி வைத்திருந்தேன். படத்தின் கீழ் ஓரத்தில் அவருடைய இரண்டு கைகளும் இருந்தன. கைகளில் ஒரு கயிறு. கயிறு படகின் விளிம்பைத் தாண்டி நேராகக் கடலுக்குள் போகிறது.

"கீழ எங்க மாமா கிடக்காக. அப்பாவோட தங்கச்சி மாப்பிள்ளை. மாமா குளிப்பாக, அப்பா கயிறு பிடிப்பாக. மச்சான் கையிலதான் கயித்தைக் குடுப்பாக டீச்சர், வேற யாரையும் நம்ப மாட்டாக. கூடப் பொறந்தவ தாலியல்லா அந்தக் கயித்துல தொங்குது. போட்டோ எடுக்கவன் 'எல்லாரும் இங்கன பாருங்க'ன்னு சொல்லியிருப்பான். எல்லாரும் பாத்திருக்காவ. எங்க அப்பா மட்டும் பாக்கல்ல."

சொல்லும்போதுதான் அவருக்குக் கண் நிறைந்தது. கள்ளப் பார்வை என்று நான் ஐந்து மாதம் கொண்டாடியது, மச்சான் உயிரை விட்டுக் கண்ணை எடுக்காதவரின் பார்வை.

நேராக அண்ணாச்சி அறைக்குப் போய், "திருடனை எடுத்திரணும். தாடி வைக்கிறதில்ல, ஆளையே எடுத்திரணும். புத்தகம் இந்தக் கயித்தைப் பத்தினது" என்றேன்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? முப்பத்தொரு பக்கம்! கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது ஒரு கதையா? அதுல என்ன இருக்கு பாக்க?"

என் பின்னாலேயே வந்திருந்த பிலோமிக்கு அது காதில் விழுந்துவிட்டது. அறை மூலையில் புத்தகக் கட்டுகளைக் கட்டுகிற கயிற்றுச் சுருள் கிடந்தது. ஒரு முனையை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். "அண்ணாச்சி, இதைப் பிடிங்க. நான் கதவுக்கு அங்கிட்டு நிக்கேன். நான் கீழ இருக்கேன்னு வச்சுக்கிடுங்க. மூச்சு முட்டுச்சுன்னா லேசா ஒரு இழுப்பு இழுப்பேன். ஒடனே தூக்கணும்."

அண்ணாச்சிக்குச் சங்கடம். ஆனாலும் பிடித்தார். பிலோமி கதவுக்கு வெளியே போனார். அரை நிமிடம் அண்ணாச்சி கயிற்றைப் பார்த்தார். அதற்குள் மேஜையில் போன் அடித்தது. யார் என்று எட்டிப் பார்த்தார், ஒரே ஒரு பார்வை. கயிற்றில் ஒரு சின்ன அசைவு வந்து போனதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

பிலோமி உள்ளே வந்தார். "நான் செத்துட்டேன் அண்ணாச்சி."

போன் அடித்து அடித்து நின்றது. அண்ணாச்சி கயிற்றைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் என்னைப் பார்த்து, "சிவகாசிக்கு நீங்களே பேசுங்க" என்றார்.

அச்சக ஃபோர்மேனிடம் நான் பேசினேன். அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை, அந்தக் குரலுக்கு இப்போதும் கடன்பட்டிருக்கிறேன். முதலில் திட்டினார். பிறகு ஏன் என்று கேட்டார். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். "அட்டையையும், திருடன் வராத பக்கங்க உள்ள ஃபாரங்களையும் நான் முதல்ல ஓட்டிக்கிடுதேன். மத்த பக்கம் பத்தாம் நாள் காலையில என் மேஜையில இருக்கணும். பதினொண்ணாம் நாள்னா என்னைக் கூப்பிடாதீங்க."

அனுப்புகிற நாளைக் கழித்தால் கையில் ஒன்பது நாள். நாங்கள் ஐந்து ஓவியர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நெருக்கடியில் உட்கார்ந்தவுடன் வரையத் தொடங்கிவிடக் கூடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கை பரபரத்தது. ஆனால் முதல் நாள் முழுவதையும் நான் வரையாமல் செலவழித்தேன். பிலோமியோடு பஸ் ஏறித் தருவைகுளம் போனேன். அவர் மாமா சவரிமுத்து அங்கே மகள் வீட்டில் இருந்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்தவர். முத்துக் குளித்தும், அதன் பிறகு சங்கு குளித்தும் இரண்டு காதும் போய்விட்டது. பிலோமி அவர் காதருகே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

கீழே எப்படி இருக்கும் என்று கேட்டேன். கல்லைக் காலில் மாட்டி இறங்குவது, காது வலி ஏறி ஏறிப் பட்டென்று விடுவது, சிப்பியைத் தடவித் தடவிப் பையில் போடுவது, எல்லாம் சொன்னார். பிறகு கேட்காமலே ஒன்று சொன்னார்.

"ஒருநாளு நான் இழுக்கவேயில்ல. மூச்சும் இருக்கு, சிப்பியும் கிடக்கு. கயிறு தானா என்னைத் தூக்கிச்சு. கோவத்தோட மேல வந்தா, பக்கத்துப் படகுல 'சுறா, சுறா'ன்னு கத்துதாவ. மச்சான் என்னத்தைப் பாத்து இழுத்தான்னு எனக்குத் தெரியாது. கேட்டேன். 'இழுக்கணும்னு தோணிச்சு, இழுத்தேன்'னான். அம்புட்டுத்தான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் புத்தகம் முழுதாகத் தெரிந்தது. ஒரு பக்கம் கீழே, ஒரு பக்கம் மேலே. கீழே சவரிமுத்து சொன்னது அத்தனையும் வரும். மேலே, பிலோமியின் அப்பா நிற்பார். அண்ணாச்சி மட்டும் ஒரு இடத்தில் பிடிவாதம் பிடித்தார். சுறாவை அவர் பார்க்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், தண்ணீரில் அதன் முதுகுத் துடுப்பு தெரிய வேண்டும், வாசகருக்கு அது இல்லாமல் எப்படி என்றார். நியாயமான ஆசைதான். வரைந்தால் அருமையாக வரும். ஆனால் அவர் எதைப் பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை தெரியாததை இட்டுக்கட்டித்தான் இந்த வம்பில் மாட்டினோம். "அந்தப் பக்கத்துல அவர் முகம் மட்டும்தான் அண்ணாச்சி. எழுத்தும் கிடையாது" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சரி என்றார்.

மிச்ச எட்டு நாளும் பிலோமி மார்க்கெட் முடிந்ததும் ஆபீஸுக்கு வந்துவிடுவார். ஓவியர்கள் மேஜை மேஜையாக நிற்பார். "இப்படிப் பிடிச்சா உள்ளங்கை உரிஞ்சிரும்." "காலை அகட்டி வைக்கச் சொல்லுங்க, படகு ஆடுதுல்லா." ஒரு நாள் ஒரு படத்தைப் பார்த்து, "எங்க அப்பா இவ்வளவு அழகு இல்ல டீச்சர், கொஞ்சம் கொறைங்க" என்றார். அன்றைக்குத்தான் அவர் அங்கே முதல்முறை சிரித்தார். அந்த முழுப்பக்க முகத்தை மட்டும் நான் ஏழு தடவை வரைந்தேன். ஆறு தடவை அவர் தலையை ஆட்டினார். ஏழாவதைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துப் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், பக்கத்தை அனுப்பிவிட்டோம்.

பத்தாம் நாள் காலை ஃபோர்மேன் மேஜையில் முப்பத்தொரு பக்கமும் இருந்தன.

வெளியீடு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், சாயங்காலம். நாங்கள் போட்ட நாற்காலி போதவில்லை. திரேஸ்புரத்திலிருந்து பெண்கள் குடும்பம் குடும்பமாக வந்து மண்ணில் உட்கார்ந்தார்கள். மேடைக்குப் பின்னால் புது ஃபிளெக்ஸ்: இரண்டு கைகள், ஒரு கயிறு. முதல் பிரதியை வாங்க சவரிமுத்துவை அழைத்து வந்திருந்தோம். புத்தகத்தில் அவர் அதுவரை ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பிலோமி பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். கீழே நடக்கிற பக்கங்களைப் பெரியவர் தெரிந்த தெருவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார். அந்த முழுப்பக்க முகம் வந்தது. விரல் நின்றுவிட்டது.

காது கேளாதவர், தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. மைக் இல்லாமலே மைதானத்துக்கே கேட்டது.

"நான் எப்பவும் கீழல்லா கிடந்தேன். மேல நின்ன மச்சான் மொகத்தை நான் ஒரு நாளும் பாத்ததில்ல. இப்படியாக்கும் நின்னிருக்கான்."

பிறகு அவர் எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை, தானாகவே எழுந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கத்தை ஊருக்குக் காட்டினார். "இவன்தாம்லே! இவன்தான் என்னை வெளிய எடுத்தவன்!"

அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மண்ணில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பிலோமியை மார்க்கெட்டில் கேலி பேசிய ஒருத்தி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். மேடையின் ஓரத்தில் அண்ணாச்சி குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தார். கொண்டுபோன புத்தகம் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தப் புத்தகம் பிறகு மூன்று மொழிகளுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் இந்த வேலைக்கு வந்ததாக இருவர் சொன்னீர்கள்.

ஆனால் என் வாழ்க்கையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தது அன்று சாயங்காலம் இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸைத் திறக்கப் போனால், படியில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் உறையில், பைபிளுக்குள், மஞ்சள் பையில், ஆளுக்கொரு பழைய புகைப்படம். முன்னால் நின்ற பெண்ணை எனக்குத் தெரியாது. உப்பளத்து வெயிலில் கறுத்த கை. ஒரு சின்னப் படத்தை நீட்டினாள். உப்புக் குவியல்களுக்கு நடுவில் ஒரு பெண், தலையை லேசாகத் திருப்பி எங்கோ பார்க்கிறாள்.

"எங்க அம்மா. வேலைநிறுத்தம் நடந்த அன்னைக்கு எடுத்தது. என்னத்தைப் பாக்காகன்னு சொல்லுங்க பாப்போம் டீச்சர்."

நான் படத்தை வாங்கினேன். முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், படத்தின் நாலு ஓரத்தையும் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்து, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்லு, நான் வரையுதேன்."